தாம்பாளம் தொடாத வீடு

போன வாரம் என் வீட்டுக்கு ஒரு புத்தகம் காரில் வந்து இறங்கியது. கொண்டுவந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, கும்பிட்டபடி உள்ளே வந்து, "டீச்சரம்மா, இந்தப் புஸ்தகத்தை மொத மொதல்ல எழுதுனப்ப கூட இருந்தவுகள்ல இன்னைக்கு உசுரோட இருக்கது நீங்க ஒரு ஆளுதேன். விழாவுக்கு வந்து நாலு வார்த்தை பேசணும்" என்றார். நான் இன்னும் சாகவில்லை என்பதை இத்தனை மரியாதையாக யாரும் என்னிடம் சொன்னதில்லை.

பளபளவென்று அட்டை. எங்கள் தாலுகாவின் ஊர்களும் குடும்பங்களும் என்று கொட்டை எழுத்து. அதன் கீழே, பிழை திருத்திய இரண்டாம் பதிப்பு. எந்தப் புத்தகம் கைக்கு வந்தாலும் முதலில் மூக்குக்குக் கொண்டுபோவது என் பழக்கம். வகுப்பில் பிள்ளைகள் இதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு முப்பது வருஷம் கேட்டாயிற்று, பழக்கம் மட்டும் போகவில்லை. இதில் மண்ணெண்ணெய் மாதிரி என்னவோ ஒரு வாடை. இந்தப் புத்தகத்துக்கு உரிய வாடை அதுவல்ல, மூக்குப்பொடி வாடை. அதை எழுதியவர் பக்கத்துக்கு ஒரு சிட்டிகை போட்டார்.

அவரை நாங்கள் ஐயா என்றே சொல்வோம். வேறு ஜில்லாவில் சிரஸ்தாராக இருந்தவர். தாலுகா கச்சேரியில் தாசில்தாருக்கு அடுத்த நாற்காலி அது. ஓய்வு பெற்று மேலூரில் வந்து வீடு கட்டிக்கொண்டார். சும்மா இருக்க முடியாத மனிதர். தாலுகாவில் உள்ள ஊர்கள், அந்த ஊர்களில் உள்ள குடும்பங்கள், யார் எப்போது எங்கிருந்து வந்தார்கள், யார் கண்மாய் வெட்டினார்கள், யார் கோயில் கட்டினார்கள் என்று ஒரு சரித்திரம் எழுதப் புறப்பட்டார். யுத்த காலம் அது. பெட்ரோல் கிடைக்காமல் பஸ் கரியில் ஓடியது, பாதி நாள் ஓடவும் இல்லை. அதனால் ஐயாவின் சரித்திரம் மாட்டுவண்டியில் போயிற்று.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. மேலூரில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் புது டீச்சர். என் எழுத்து குண்டு குண்டாக இருக்கும் என்று என் அப்பா ஊரெல்லாம் பெருமை பேசி வைத்திருந்தார். அதைக் கேட்டு ஐயா என்னைச் சனி ஞாயிறுகளில் கூட்டிக்கொண்டு போனார். அவர் கேட்பார், ஊர்க்காரர்கள் சொல்வார்கள், நான் எழுதுவேன். பிறகு வீட்டில் உட்கார்ந்து அழகாகப் படி எடுத்துத் தரவேண்டும். நானும் ஒரு சரித்திர ஆசிரியை என்ற நினைப்பு எனக்கு. புத்தகம் வந்தபோது முன்னுரையில் 'கையெழுத்தில் உதவினார் ஓர் ஆசிரியை' என்று இருந்தது. அந்த 'ஓர்' நான்தான் என்று பத்துப் பேரிடம் காட்டிப் பெருமைப்பட்டேன். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் காது சூடாகிறது.

ஐயாவின் ஆராய்ச்சி முறையை நீங்கள் எந்தக் கல்லூரியிலும் படித்திருக்க மாட்டீர்கள். ஊருக்குள் போனதும் மந்தையிலோ பெரிய வீட்டு முற்றத்திலோ ஜமக்காளம் விரிப்பார்கள். நடுவில் பித்தளைத் தாம்பாளம் ஒன்று, அது நிறைய வெற்றிலை பாக்கு. ஐயா எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கும்பிடுவார். யார் முதலில் கை வைக்கிறாரோ அந்தக் குடும்பம் சரித்திரத்தில் முதல். அடுத்துத் தொட்டவர் இரண்டாவது. கோயில் மரியாதையில் ஊரில் என்ன வரிசையோ அதே வரிசையில்தான் வெற்றிலைக்கும் கை நீளும் என்பது அவர் கணக்கு. "கேள்வியே கேக்க வேண்டாம்மா, தாம்பாளமே சொல்லிப்பிடும்" என்பார்.

திருவாதவூர்ப் பக்கம் ஒரு ஊரில் இரண்டு பங்காளிகள் ஒரே நேரத்தில் கை வைத்து, இழுத்து, ஒருவர் தாம்பாளத்தோடு எழுந்து வீட்டுக்கே போய்விட்டார். மற்றவர் வெறும் ஜமக்காளத்தில் உட்கார்ந்துகொண்டு, "எழுதுங்கய்யா, நாங்கதேன் மொதல்ல. அவுக களவாணிப் பயலுக" என்றார். எதிரெதிர்ப் பக்கங்களில் இருவரையும் முதல் குடும்பம் என்றே போட்டு ஐயா தப்பித்தார். திரும்பி வருகிற வழியெல்லாம் நான் வண்டியில் சிரித்துக்கொண்டே வந்தேன். தாம்பாளத்தைத் தொடவே முடியாதவர்கள் எந்தப் பக்கத்தில் வருவார்கள் என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை. டீச்சர் டிரெயினிங்கில் முதல் வகுப்பில் தேறிய மூளை அது.

கேட்கத் தோன்றவைத்த ஊர் செங்குளப்பட்டி. அங்கே பெரிய குடும்பத்துக்கு மேலவீடு என்று பெயர். அந்த வீட்டுப் பெரியவர் எங்களை நன்றாகத்தான் உபசரித்தார். பருத்திப்பால் கொடுத்தார். அவர் வீட்டுக்கு மட்டும் எட்டுப் பக்கம் சொன்னார். அதில் ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. இந்த ஊருக்கு அவர்கள் பிழைக்க வந்த நாளில், வழியில் ஆற்றில் ஒரு ஆண்பிள்ளையைப் பறிகொடுத்தார்களாம். அன்றைக்குக் குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டார்களாம்.

"அன்னையிலருந்து எங்க வீட்டு ஆம்பளைக முழங்காலுக்கு மேல தண்ணியில எறங்குறதில்ல, டீச்சர். கம்மாயே அப்ப வெட்டல. இன்னை வரைக்கும் குளிக்கப் போனாக் கரையில நின்னு குடத்துல மோந்து ஊத்திக்கிறதுதேன்" என்றார் பெரியவர். மீசை முறுக்கிய ஆறடி மனிதர்கள் கரையில் வரிசையாக நின்று குடத்தால் ஊற்றிக்கொள்வதை நினைத்து, தலையைக் குனிந்துகொண்டு எழுதினேன்.

தாம்பாளம் சுற்றி முடிந்தது. முற்றத்துக்கு வெளியே, வேலிக்கு அந்தப் பக்கம், ஒரு கூட்டம் நின்றிருந்தது. அவர்களுக்கு வெற்றிலை இல்லை. அவர்களும் எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை. நாங்கள் வண்டி ஏறியபோது அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு பெண் மட்டும் வண்டிக்குப் பின்னாலேயே வந்தாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். கண்மாய்க் கரையில் ஐயா வண்டியை நிறுத்தச் சொல்லி, மடைக்குப் பக்கத்தில் நட்டிருந்த ஒரு கல்லைப் பார்க்க இறங்கினார். இடுப்பளவுக் கல். அதில் ஒரு ஆள், கோவணத்தோடு, இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்துத் தண்ணீரில் பாய்கிற மாதிரி செதுக்கியிருந்தது.

"அய்யா, அது எங்க ஆளுங்க" என்றாள் அந்தப் பெண், பத்தடி தள்ளி நின்று. ஐயா காதில் விழாத மாதிரி கல்லைச் சுற்றி வந்தார். அவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்க எழுதிக்கிருங்க தாயி. எம் பேரு இருளாயி. எம் புருசன் சோணை. இந்தக் கம்மாய்க்கு மடை தெறக்குறது நாங்கதேன்."

அந்தக் கண்மாயில் மடை என்பது தண்ணீருக்கு அடியில் ஒரு கல்துளை, அதை அடைத்து ஒரு கட்டை. வயலுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் ஒரு ஆள் மூழ்கிப் போய்க் கட்டையைப் பிடுங்க வேண்டும். பிடுங்குகிற வேகத்தில் தண்ணீர் ஆளையே துளைக்குள் இழுக்கும். சோணை மூழ்கும்போது நீ என்ன செய்வாய் என்று சும்மா கேட்டு வைத்தேன்.

"கரையில நின்னு நானும் மூச்சைப் புடிச்சுக்கிருவேன். எனக்கு முட்டுற வரைக்கும் அவுகளுக்கும் தாங்கும். எனக்கு முட்டிருச்சுன்னா, ஆளை எறக்குங்கன்னு கத்துவேன். எங்க மாமியா அப்பிடித்தேன் செஞ்சாக, அவுக மாமியாளும் அப்பிடித்தேன்" என்றாள்.

கல்லில் இருக்கிறவர் வெள்ளையன், அவள் மாமனாரைப் பெற்றவர். ஒரு பெருமழையில் கண்மாய் தளும்பிக் கரை உடையப் போயிற்று. கரை உடைந்தால் ஊர் இல்லை. வெள்ளையன் இறங்கிக் கட்டையைப் பிடுங்கினார். தண்ணீர் வெளியேறியது, ஊர் தப்பியது, அவர் மேலே வரவில்லை. "அவுக பொஞ்சாதி மூச்சு முட்டிக் கத்துனாக. ஊரே கரையில நின்னுச்சு. ஒருத்தரும் எறங்கல" என்றாள் இருளாயி. பிறகு ஊர் கூடி, கண்மாய்க்குக் கீழே ஒரு துண்டு வயலை அந்த வீட்டுக்கு மடைமானியமாக விட்டு, கல்லும் நட்டது. அந்த வயலை வைத்துத்தான் அவர்கள் சாப்பிட்டார்கள். நான் நின்றபடியே, அவள் சொல்லச் சொல்ல, பென்சிலால் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். பேரை எழுதும்போது இரண்டு தரம் சொல்லச் சொன்னேன். இரண்டு தரமும் வெள்ளையன் என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

வண்டியில் ஐயா அதை வாங்கிப் படித்தார். பொடியை உறிஞ்சினார். "நல்ல கதைம்மா. ஆனா தாம்பாளம் எடுக்காத வீட்டுக்கு நம்ம புஸ்தகத்துல பக்கம் கிடையாது" என்றார்.

"அவங்க எடுக்க முடியாதே ஐயா, வேலிக்கு அந்தப் பக்கம்ல நிக்கிறாங்க" என்றேன்.

"அதுக்கு நான் என்னம்மா செய்ய? காகிதமே கிடைக்காத காலம்" என்று தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அந்த ஒன்றரைப் பக்கத்தை நான் மறுபடி பார்க்கவே இல்லை.

அடுத்த மாதம் படி எடுக்க அவர் தந்த காகிதக் கட்டில் செங்குளப்பட்டி வந்தது. அதில் மடைக்கதை இருந்தது. மழை இருந்தது, தளும்பிய கண்மாய் இருந்தது, கையைக் குவித்துப் பாய்ந்த வீரர் இருந்தார். வீரர் மட்டும் மேலவீட்டு முன்னோர் ஆகிவிட்டார். ஐயாவுக்குக் கதை வேண்டும், கதைக்கு உரிய ஆள் வேண்டாம். இது பொய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் குண்டு குண்டாகப் படி எடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எழுதமாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அப்பாவின் சிநேகிதர், வயதில் பெரியவர், இப்படி எத்தனை சமாதானம்! அத்தனையும் கோழைத்தனம்.

ஒன்றே ஒன்று செய்தேன், அதுவும் நியாயத்துக்காக இல்லை. முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்காத நேர்த்திக்கடனைப் பற்றிய வரியை ஐயா சிவப்பு மையால் அடித்திருந்தார். இடம் மிச்சப்படுத்தத்தான். எனக்கு அந்த எட்டுப் பக்கத்தில் பிடித்ததே அந்த ஒரு வரிதான். குடத்தோடு கரையில் நிற்கும் மீசைக்காரர்களை விட மனசில்லாமல், குறும்பாக, அதைப் படியில் சேர்த்து எழுதிவிட்டேன். ஐயா என் எழுத்தை நம்பி ஒப்பிட்டுப் பார்க்காமலே அச்சுக்கு அனுப்பிவிட்டார்.

புத்தகம் வந்த மறுவருஷமே மேலவீட்டுக்காரர்கள் ஒரு மனுப் போட்டார்கள். மடையில் இறங்கி உயிரை விட்டது எங்கள் முன்னோர், ஆகவே மடைமானியம் எங்களுக்கு உரியது, இருளாயி வீட்டார் எங்களிடம் வேலை செய்தவர்கள் மட்டுமே என்று மனு. அத்தாட்சி அச்சடித்த புத்தகம். எட்டுப் பக்கமும் பருத்திப்பாலும் எதற்கு என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. இருளாயி பள்ளிக்கூடத்து வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"நீங்கதானே எழுதுனீக. நாஞ் சொன்னதைத்தானே எழுதுனீக?" என்றாள். அவள் திட்டவில்லை, கேட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வருஷம் ஒரு முறை அதிகாரி பந்தல் போட்டு உட்கார்ந்து, ஊர் ஊராகக் கணக்குப் பார்த்து மனு விசாரிக்கிற ஜமாபந்தி அந்த வாரமே வந்தது. லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன். கையில் புத்தகம். அதற்கு முந்தின இரண்டு நாளில் செங்குளப்பட்டிப் பக்கங்களை நான் படித்த மாதிரி பரீட்சைக்குக்கூடப் படித்ததில்லை. பந்தலில் ஐயா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் மேலவீட்டுப் பெரியவர்.

அதிகாரி வெளியூர்க்காரர். புத்தகத்தைப் புரட்டிவிட்டு இருளாயியைப் பார்த்தார். "இறங்கினது இவங்க முன்னோர்னு அச்சில இருக்கேம்மா. உன்கிட்ட என்ன ஆதாரம்?"

"புஸ்தகமெல்லாம் எங்களுக்குத் தெரியாது சாமி. கம்மாயில எறங்குறது நாங்கதேன். இன்னைக்கும் நாங்கதேன்."

நான் எழுந்து நின்றேன். "சார், இந்தப் புத்தகத்தைப் படி எடுத்தது நான். இந்தம்மா சொன்னதையும் நான்தான் எழுதினேன்."

"அந்தக் காகிதம் எங்கே?"

ஐயா பொடிமட்டையைத் திறந்து மூடினார். காகிதம் என்னிடம் இல்லை. எனக்கு அழுகை வந்த மாதிரி இருந்தது, ஆனால் வந்தது கோபம். "காகிதம் இல்லை சார். நாற்பத்தேழாம் பக்கம் படிங்க" என்றேன், வகுப்பில் அதட்டுகிற அதே குரலில்.

அதிகாரி உரக்கவே படித்தார். "இக்குடும்பத்து ஆண்மக்கள் இவ்வூருக்கு வந்த நாள்தொட்டு, கண்மாய் வெட்டப்படுமுன்னரே குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டபடி, முழங்காலுக்கு மேற்பட்ட நீரில் இறங்குவதில்லை." படித்துவிட்டுப் பெரியவரை நிமிர்ந்து பார்த்தார். "உங்க ஊரில் மடை முழங்கால் தண்ணியிலயா இருக்கு?"

கணக்குப்பிள்ளைகள் வரிசையில் முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு பந்தலே சிரித்தது. பெரியவர் மாட்டிக்கொண்டார். நேர்த்தியைப் பொய் என்றால் குலதெய்வத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். மெய் என்றால் வயல் போயிற்று. மனு தள்ளுபடி ஆனது. இருளாயி என்னைப் பார்த்தாள். அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள் என்று, அவள் விட்ட மூச்சில் தெரிந்தது.

வெளியே வந்தபோது ஐயா என்னிடம் கடைசியாகப் பேசினார். "ஒரு வரியை அடிக்கச் சொன்னேன், அதைக்கூட ஒழுங்கா அடிக்கத் தெரியல உனக்கு." அத்தோடு சரி. புத்தகத்தையும் அவர் திருத்தவில்லை. வெள்ளையன் பேரை ஒரு துண்டுத் தாளில் அச்சடித்து ஒட்டினால் போதும் என்று எழுதிப்போட்டேன், பதில் வரவில்லை. வயல் தப்பியது, பேர் தப்பவில்லை.

இருளாயி இருந்தவரை அந்த வயலும் இருந்தது. பிறகு மடைக்கு இரும்புப் பலகை வந்தது, திருகினால் திறக்கும், மூழ்க ஆள் வேண்டாம். ஆள் வேண்டாம் என்றானதும் மானியம் எதற்கு என்று பேச்சு வந்தது. காகிதத்தில் வயல் எப்போது மேலவீட்டு வசம் போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை, தெரிந்தவர்கள் சொல்லவில்லை. இன்றைக்கு அங்கே கல்குவாரிக் கற்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். கண்மாயில் பாதி வீட்டுமனை. இருளாயியின் பேரன் மேலூரில் வாத்தியாராக இருக்கிறான். பொங்கலுக்குப் பொங்கல் கரும்போடு வருவான். "வயலு போனாப் போகட்டும் டீச்சரம்மா, அந்தக் கல்லுக்குக் கீழ பேரை மட்டும் வச்சாப் போதும்" என்று போன பொங்கலுக்கும் சொன்னான்.

அந்தக் கல்தான் இந்தப் புதுப் பதிப்பின் அட்டையில் இருக்கிறது. கரையிலிருந்து பெயர்த்து, செங்குளப்பட்டி நுழைவில் வளைவு கட்டி, மேடை போட்டு நிறுத்தியிருக்கிறார்களாம். விழாவில் அதைத்தான் திறக்கப்போகிறார்கள், மேலவீட்டு முன்னோர் பேரில். எனக்கு எதிரே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தவர் அந்தப் பெரியவரின் பேரன். நல்ல பிள்ளைதான். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

சரி, அந்த வரி இருக்கிறதல்லவா என்று புரட்டினேன். செங்குளப்பட்டி இப்போது முப்பத்தொன்பதாம் பக்கத்தில் தொடங்குகிறது. ஒரு தரம் படித்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தேன். எட்டுப் பக்கமும் இருந்தது, மழை இருந்தது, மேலவீட்டு வீரர் இருந்தார். முழங்கால் தண்ணீர் இல்லை.

"இங்க ஒரு நேர்த்திக்கடன் பத்தி இருந்துச்சே தம்பி?"

"அதுவா? வெளியூருத் தமிழ் வாத்தியார் ஒருத்தரை வச்சுத் திருத்துனோம் டீச்சரம்மா. மூடநம்பிக்கை மாதிரி இருக்கதையெல்லாம் எடுத்துட்டோம். பிழையில்லாம இருக்கணும்ல."

என் பழைய புத்தகம் அட்டை போய், ஓரம் அரித்து, பெட்டியில் கிடக்கிறது. எழுந்து போய் எடுத்தேன். நாற்பத்தேழாம் பக்கம் பத்திரமாக இருந்தது. அந்த வரியை மனசுக்குள் படித்துப் பார்த்தேன். எழுபது தாண்டிய என்னாலும் அதை ஒரே மூச்சில் படிக்க முடிகிறது.

"எம்புட்டு நேரம் பேசணும்?" என்றேன்.

"நாலு நிமிசம் போதும் டீச்சரம்மா."

"வாரேன். கார்ல எனக்குப் பக்கத்துல இன்னொரு ஆளுக்கும் எடம் வேணும்."

"தாராளமா. யாரு, ஒங்க பேத்தியா?"

"வெள்ளையன் வீட்டுப் பிள்ளை" என்றேன்.

"எந்த வெள்ளையன்?" என்று கேட்டார். அவர் நடிக்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார்.